மீதி இருபத்தாறு நிமிடம்

கடிதம் மூன்றே வரி. தேசிய ஒலிக்காப்பகத்துக்கு வரும் கடிதங்கள் பொதுவாக நான்கு பக்கத்துக்குக் குறையாது. பெரியப்பா பாடியது, மாமா மேடையில் முழங்கியது, இதெல்லாம் நாட்டின் சொத்து, உடனே வந்து பாருங்கள் என்று நீட்டி முழக்குவார்கள். இது அப்படியில்லை. ‘என் கணவர் பதிவுசெய்த 412 கேசட்டுகள் உள்ளன. தேவையென்றால் வந்து எடுத்துக்கொள்ளவும். குப்பை வண்டி வியாழக்கிழமை வரும்.’ கீழே முகவரியும் கையெழுத்தும், ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர் என்ற குறிப்பும்.

கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை.

தேர்வு அலுவலர் அதை இரண்டு முறை படித்துவிட்டு வண்டி கேட்டு எழுதிக்கொடுத்தாள். அவளுக்கு அலுவலகத்தில் ‘காது’ என்று பெயர். பதினாறு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நாட்டின் நான்கு மூலையிலிருந்தும் வருகிற ஒலிநாடாக்களைக் கேட்டு, எதை எடுப்பது எதைத் திருப்புவது என்று குறிப்பு எழுதுகிறவள். முகத்துக்கு நேராகவே காது வந்தாச்சா, காது சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். முன்பெல்லாம் அவளும் சிரிப்பாள். ஐந்து மாதத்துக்கு முன் அவளுடைய தங்கை இறந்துபோனாள். நான்காம் நாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். இயக்குநர் கூப்பிட்டு ஒரு மாதம் லீவு போடச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டுவிட்டு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து வேலையில் ஒரு குறையும் இல்லை. கேட்பது எல்லாம் கேட்டது. எதுவும் உள்ளே இறங்கவில்லை, அவ்வளவுதான். அழுகையும் வரவில்லை. அவள் கணவர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், அதிகம் பேசாதவர். தினமும் அவள் முகத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகு பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

புதன்கிழமை காலை ஓட்டுநரோடு போனாள். ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி பழைய அடுக்குமாடி வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. நிமிர்ந்த உடம்பு, கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெட்டிகள் கதவருகே தயாராக இருந்தன. பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு, கட்டுக்கு ஒரு சீட்டுச் செருகி, எண் வரிசையில் அடுக்கியிருந்தார். காப்பகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் அடுக்கமாட்டார்கள்.

யார் பதிவுசெய்தது, எப்போது, எங்கே என்று காது கேட்டாள். அது கேட்டாக வேண்டிய கேள்வி. அந்தம்மா அளந்து பதில் சொன்னார். கணவர் குடிநீர் வாரியத்தில் கசிவு பார்க்கிறவராக இருந்தார். ஊர் அடங்கிய பிறகு ஒரு நீண்ட கம்பியைச் சாலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, பூமிக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. ஒரு வாரம் இரவு, ஒரு வாரம் பகல். இரவு வேலை வாரங்களில் காலையில் வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் மைக்கை வைத்து, எட்டு மணிக்குப் பத்து நிமிடம் தெருச்சத்தத்தைப் பதிவுசெய்வார். அப்புறம் தூங்கப் போவார். பதினாலு வருடம் இப்படி.

எதற்காக என்று காது கேட்டாள்.

“அவர்கிட்டதான் கேக்கணும். போன வருஷம் போயிட்டாரு” என்றார் அந்தம்மா. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பது போல ஒப்புகைச் சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்திட்டார். அது தற்காலிகமாக எடுத்துப்போவதற்கான சீட்டு. தேர்வுக்குழு ஒப்புக்கொண்டால்தான் கொடைப் பத்திரம் வரும்.

ஒவ்வொரு கேசட்டும் ஒரு மணி நேரம் ஓடும். நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்தையும் யாராலும் உட்கார்ந்து கேட்க முடியாது. அதற்கு ஒரு விதி உண்டு. பத்துக்கு ஒன்றை எடுத்து, இரு பக்கத்திலும் முதல் ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். இது வேறெங்காவது இருக்கிறதா, நாடா எந்த நிலையில் இருக்கிறது, உரிமை யாரிடம், நாட்டுக்கு இதனால் என்ன பயன் என்ற நான்கு கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். காது வியாழனும் வெள்ளியும் கேட்டாள். சைக்கிள் மணி, பஸ், தகரக் கதவு திறப்பது, யாரோ யாரையோ கூப்பிடுவது. எல்லாவற்றுக்கும் அடியில், ஆற்றுப்பாலத்தின் மீது வண்டிகள் போகும் ஒரு தொடர்ந்த இரைச்சல். ஒவ்வொரு கேசட்டின் உள்சீட்டிலும் அந்த மனிதர் தேதியோடு காற்றின் திசை, மழை, பக்கத்து வீட்டுக் கட்டட வேலை என்று பொடி எழுத்தில் குறித்திருந்தார்.

207ஆம் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது. அந்தத் தேதி ஊரில் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முன், காலை எட்டு மணி நாலு நிமிடத்துக்கு ஆற்றுப்பாலம் இடிந்து விழுந்த நாள். அறுபத்து மூன்று பேர் இறந்தார்கள்.

அவள் ஐந்து நிமிடம் கேட்டாள். நாலு நிமிடம் வழக்கமான தெரு. அதன் பிறகு, முதலில் இரைச்சல் சட்டென்று நின்றது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு ஒரு பெரிய சத்தம், நாடாவே தாங்காமல் கரகரத்தது. தொடர்ந்து கூச்சல். ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தினாள். ‘பாலம் விழும் ஓசை. வேறெங்கும் பதிவு இருப்பதாகத் தெரியவில்லை. தெளிவு நன்று’ என்று எழுதினாள். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனாள். ஏதாவது தோன்றியிருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமைக்குள் செய்தி மாடிக்கு மாடி பரவிவிட்டது. இயக்குநரே அவள் மேசைக்கு இறங்கி வந்தார். அந்த ஒரு கேசட்டுக்காகக் குழுவை முன்கூட்டியே கூட்டலாம் என்றார். பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடச் சொன்னார். காது அந்தம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அத அவர் தூக்கிப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்” என்றார் அந்தம்மா. “அது மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் வெச்சுக்கோங்க. அத நான் வந்து வாங்கிக்கறேன்.”

ஏன் என்று காது கேட்கவில்லை. அவராகவே சொன்னார், பட்டுவாடா விவரம் சொல்வது போல ஒரே குரலில். ஒரே மகன். இருபத்து மூன்று வயது. அக்கரையில் அச்சகத்தில் வேலை. ஏழே முக்காலுக்கு வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பியவன் வழியில் பஞ்சர் ஒட்ட நின்றிருக்கிறான். எட்டு நாலுக்குப் பாலத்தின் நடுவே இருந்தான். அந்தம்மா அப்போது அஞ்சலகத்தில். கணவர் பால்கனியில். பாலம் விழுந்தபோது அவர் காதில் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்ததை எதிர் வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள்.

“அவன் உள்ள விழறான். இவரு நின்னு பதிவு பண்றாரு. நான் ஆபீஸ்லேர்ந்து ஃபோன் பண்றேன், ரெண்டு தடவ. எடுக்கல. காதுல மாட்டிக்கிட்டு இருந்தா எப்படிக் கேக்கும்? ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் மைக்கக் கொண்டுபோய் பால்கனில வெச்சாரு. அன்னிக்கோட பேச்ச நிறுத்தினேன்.”

சாப்பாடு ஆயிற்று, பால் தீர்ந்துவிட்டது, மின்கட்டணம் வந்திருக்கிறது என்ற அளவில் மட்டும் அதன் பிறகு பேச்சு. பதினெட்டு வருடம். அவரும் தன் பங்குக்கு எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு காது தொலைபேசியை வைத்தாள். கொடுப்பவர் வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. இயக்குநருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அந்தம்மா வரும்போது பக்குவமாகப் பேசிப் பார் என்றார்.

திருப்பிக் கொடுக்கும் எந்த நாடாவையும் முழுவதும் ஓட்டிப் பார்த்து, சேதமில்லை என்று குறித்துத்தான் கொடுப்பார்கள். அதற்காகப் புதன்கிழமை மாலை 207ஐ எடுத்துக்கொண்டு டெக்னீஷியனிடம் போனாள். ஈரம் ஏறிய பழைய நாடாக்களைச் சின்ன அடுப்பில் வைத்துச் சூடாக்கி மீட்பவர் என்பதால் அவருக்கு ‘சமையல்காரர்’ என்று பெயர். இன்னும் வேகலையா என்று கேட்காமல் யாரும் அவர் அறையைத் தாண்டிப் போகமாட்டார்கள். அவர் கேசட்டைப் போட்டுவிட்டு, ஒரு காதுக்கு மட்டும் ஹெட்போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஏதோ திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று கையை நிறுத்தினார்.

“ஒரு நிமிஷம் பின்னால ஓட்டறேன். சத்தத்துக்கு அடில என்னமோ இருக்கு.”

பெரிய சத்தத்தை அடக்கிவிட்டு மறுபடி போட்டார். இரண்டு பேரும் குனிந்து கேட்டார்கள். சத்தம் எழுந்த மூன்றாவது நொடியில் ஏதோ தரையில் விழுந்து உருண்டது. ஹெட்போனாக இருக்கலாம். நாற்காலி சாய்ந்தது. ஒரு ஆண்குரல், மைக்குக்கு மிக அருகே, “தம்பி” என்றது. ஒரே தடவை. கத்தல்கூட இல்லை, மூச்சு தடுக்கி வந்தது போல. பிறகு கதவு சுவரில் மோதியது. மாடிப்படியில் காலடி. செருப்பில்லாத கால், இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கியது. மூன்று மாடியும் இறங்கித் தேய்ந்து மறைந்தது.

அதன் பிறகு வீட்டில் யாருமில்லை. பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது, நாடா தீர்ந்து இயந்திரம் தானாக நிற்கும் வரை, மீதி இருபத்தாறு நிமிடம்.

முதல் தடவை அவள் இதைக் கேட்டிருந்தாள். ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும் சத்தம்தான். காதில் விழுந்தது, ‘தெளிவு நன்று’ என்று எழுதினாள்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரே யோசனை. நாளைக்கு அந்தம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா? சொன்னால் கேசட் காப்பகத்துக்கு வரக்கூடும். அப்படியானால் தான் சொல்லப்போவது அந்தம்மாவுக்காகவா காப்பகத்துக்காகவா? பதினெட்டு வருடம் ஒருத்தரைத் தண்டித்து முடித்து, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, தப்பாகத் தண்டித்துவிட்டீர்கள் என்று சொல்வது நல்லதா? வீட்டில் தன் கணவரிடம் கேட்டாள். ஐந்து மாதத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று சொல்லலாம். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே, “எனக்குன்னா தெரிஞ்சுக்கணும்” என்றார்.

வியாழக்கிழமை அந்தம்மா பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். கைப்பையில் ஒரு துணிப்பை மடித்து வைத்திருந்தார், கேசட்டை அதில் போட்டுக்கொள்ள. காது கேசட்டையும் ஒப்புகைச் சீட்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

“எடுத்துட்டுப் போங்கம்மா. உங்களோடதுதான். நான் கையெழுத்து கேக்கல” என்றாள். “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உங்க பையன் குரல் இதுல இல்ல. உங்க வீட்டுக்காரர் ஓடறது இருக்கு.”

“எங்க ஓடறாரு?”

“சத்தம் கேட்ட மூணாவது நொடி. படியில.”

அந்தம்மா கேசட்டையே பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கேட்பு அறையில் இரண்டு ஹெட்போன், இரண்டு நாற்காலி, ஜன்னல் கிடையாது. காது நாடாவை முதலிலிருந்து ஓடவிட்டாள். பாலம் விழுந்தபோது அந்தம்மா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. “தம்பி” என்ற குரல் வந்தபோது கண்ணாடிக் கயிற்றைப் பிடித்தார். காலடி தேய்ந்து மறைந்ததும் காது நிறுத்தப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஆகவே உட்கார்ந்திருந்தார்கள். காலி வீடு ஓடியது. தொலைவில் ஜனங்களின் ஓலம், பிறகு சைரன் ஒலிக்க ஆம்புலன்ஸ் வண்டிகள். அருகே திரைச்சீலை அடித்துக்கொள்வது, மூடாத குழாய் சொட்டுவது. பாதியில் அந்தம்மா ஹெட்போனைக் கழற்றாமலே, உங்க வீட்டில் யார் யார் என்று கேட்டார். கணவர் என்றாள் காது. தங்கை ஒருத்தி இருந்தாள், ஐந்து மாதம் ஆகிறது என்றாள். அந்தம்மா தலையை ஆட்டினார். எப்படி என்று கேட்கவில்லை. அது ஒரு வசதியாக இருந்தது.

பதினாலாவது நிமிடத்தில் வீட்டுக்குள் தொலைபேசி மணி அடித்தது.

அந்தம்மா நிமிர்ந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை இன்னும் நீளமாக.

“அது நான்” என்றார்.

காதுக்கு முதலில் புரியவில்லை.

“நான்தான் அடிக்கறேன். போஸ்ட் மாஸ்டர் ரூம்லேர்ந்து.” மணி ஓயும் வரை காத்திருந்தார். “வீட்ல ஆளே இல்ல பாருங்க. இல்லாத வீட்டுக்கு அடிச்சிருக்கேன்.”

நாடா முடிந்து இயந்திரம் டக்கென்று நின்றது. இருவரும் ஹெட்போனைக் கழற்றினார்கள். அந்தம்மா அழுதால் என்ன செய்வது என்று காது தண்ணீர் பாட்டிலை அருகில் தயாராக வைத்திருந்தாள். அவர் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

“அன்னிக்கி ராத்திரி ரெண்டு கால்லயும் கட்டு போட்டிருந்தாரு. வெறுங்கால்ல ஓடியிருக்காரு. எப்படி ஆச்சுன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு.”

அப்படியானால் ஏன் மறுபடி மைக்கை வைத்தார், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதற்கெல்லாம் நாடாவில் பதில் இல்லை. பிறகு அந்தம்மா பத்திரத்தைக் கேட்டார். ஒவ்வொரு பத்தியாகப் படித்தார். பொதுமக்கள் கேட்கலாமா கூடாதா என்ற இடத்தில் ‘கேட்கலாம்’ என்று குறித்தார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

“அவர் ஓடினாருன்னு எழுதணும். எல்லாரும் பாக்கற எடத்துல.”

தேர்வுக்குழு அடுத்த வாரம் கூடியது. ஐந்து பேர். முழுத் தொகுப்பையும் எடுக்க வேண்டும் என்று காது வாதாடினாள். பாலம் இருந்த ஏழு வருடத்துத் தெரு, பாலமில்லாத நாலு வருடத்துத் தெரு, புதுப்பாலம் வந்த பிறகு மூன்று வருடத்துத் தெரு, ஒரே பால்கனியிலிருந்து, ஒரே நேரத்தில். இப்படி இன்னொன்று கிடைக்காது என்றாள். பாலம் விழுந்த கேசட் மட்டும் போதும் என்றார் ஒருவர். இரண்டு இயந்திரத்தில் ஒன்று பழுது, நானூறு மணி நேரத்தை எப்போது ஓட்டி முடிப்பது என்றார் இன்னொருவர். பேசிப் பேசி அறுபதில் வந்து நின்றது. வருடத்துக்கு நாலைந்து வீதம், கூடவே 207. மீதி கொடுத்தவருக்கே திரும்பும்.

பிறகு பட்டியல் குறிப்பு வந்தது. அவள் எழுதியிருந்தாள்: ‘பதிவுசெய்தவர் மகனை அழைக்கிறார்; கதவைத் திறந்து படிகளில் இறங்கி ஓடுகிறார். அதன் பின் வீட்டில் ஆள் இல்லை. தொலைபேசி மணி இருமுறை. எடுப்பவர் இல்லை.’ குழுத் தலைவர் பேனாவை எடுத்து, ‘பதிவுசெய்தவர்’ என்பதை அடித்து ‘ஒருவர்’ என்று மாற்றினார். காலடியை வைத்து ஆளைச் சொல்ல முடியாது, கேட்பதை மட்டும்தான் எழுதலாம், அதுதான் நம் விதி என்றார். விதி அவளுக்கும் தெரியும். பதினாறு வருடம் அவளே பிறருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. வழக்கமாகச் சரி என்று சொல்லியிருப்பாள்.

“அவர் பெண்டாட்டி கேட்டு அடையாளம் சொல்லியிருக்காங்க, சார். மகன எப்படிக் கூப்பிடுவாருன்னு அவங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? ‘கொடையாளர் கூற்றுப்படி’ன்னு போட்டுக்கலாம். ஆனா ‘ஒருவர்’ வேண்டாம்” என்றாள்.

அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் மேசையைச் சுற்றி எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் ‘ஒருவரை’ அடித்துவிட்டு மேலே பழையதை எழுதினார். பக்கத்தில் ‘கொடையாளர் கூற்றுப்படி’ என்றும் சேர்த்தார்.

மீதி முந்நூற்று ஐம்பத்திரண்டு கேசட்டுகளையும் ஓட்டுநர் மூன்று மாடி ஏற்றிக் கொடுத்தார். முதலில் குப்பை வண்டிக்குத் தயாராக இருந்த அந்தம்மா இப்போது கட்டுகளை எண்ணிச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். வீட்டில் கேசட் போடும் இயந்திரம் எதுவும் இல்லை. வாங்குவதாக அவரும் சொல்லவில்லை.

அந்த ஆண்டிலேயே 207ஐக் கேட்க முதல் விண்ணப்பம் வந்தது. பாலங்கள் இடிவதை ஆராய்கிற ஒரு பொறியாளர். நல்ல மனிதர். அனுமதிச் சீட்டை நீட்டி, பணிவாக உட்கார்ந்து, சத்தத்தின் முதல் இரண்டு நொடிகளை மட்டும் இருபது முப்பது தடவை கேட்டார். எந்தத் தூண் முதலில் விட்டது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாமாம். நோட்டில் ஏதோ கணக்குப் போட்டார். மீதியையும் கேட்கிறீர்களா என்று காது விசாரித்தாள். அவசியமில்லை, வேண்டியது கிடைத்துவிட்டது என்று நன்றி சொல்லிப் புறப்பட்டார்.

அவள் கருவியை அணைக்கவில்லை. அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாடா முடிந்து அவள் மேசைக்குத் திரும்பியபோது, அவள் இருக்க வேண்டிய ஒரு கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. எங்கே போயிருந்தாய் என்று இயக்குநர் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தேன் என்றாள்.